மாமா எழுந்த பந்தி

அறுபத்தைந்தில் எல்லையில் யாரோ சண்டை போட்டார்கள்; கடலூரில் என் கல்யாணச் சோற்றுக்குத் தடை வந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன். சண்டை நின்று மாதக்கணக்காகியிருந்தது. ஆனாலும் எங்கள் தெருவில் மண்ணெண்ணெய்க்கு வரிசை, அரிசிக்கு வரிசை. மழையும் பொய்த்துவிட்டது. சண்டை போட்டதால் வெளிநாட்டுக் கோதுமைக் கப்பல் வருவதிலும் தகராறு என்று அப்பா பேப்பரைப் பார்த்துச் சொன்னார். விருந்தில் இத்தனை பேருக்கு மேல் சோறு போட்டால் கேஸ் என்று சர்க்கார் உத்தரவு வேறு.

தை மாதம், பக்கத்துத் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் எனக்குத் தாலி ஏறியது; சாப்பாடு கோயில் சத்திரத்தில். மாப்பிள்ளை வீட்டார் சொன்ன கணக்குக்கு இரண்டு பங்கு ஆட்களோடு சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கினார்கள். அவர்களை யார் கேட்பது? முதல் பந்தியில் அவர்களோடு என் தாய்மாமாவும் உட்கார்ந்தார். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்த ஒரே அண்ணன்தான். விடியுமுன்னே மங்கலம்பேட்டையிலிருந்து சீர்த்தட்டோடு கிளம்பி வந்தவர், அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவர் சோற்றில் கை வைத்த நேரம், சத்திரத்து வாசலில் எவனோ கத்தினான். "ஜீப் வருது! எலைய எண்ண வர்றாங்க!"

அப்பா சரியான பயந்தாங்கொள்ளி. சம்பந்திகளை எழுப்ப முடியுமா? நேராக மாமாவிடம் போனார்.

"மச்சான், கொஞ்சம் எழுந்துருங்க. ஆபீசர் போனதும் உக்காந்துக்கலாம்."

மாமா அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். ரச வாளியோடு நின்ற அம்மா, "வேணாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டாள். மாமா கையை உதறிவிட்டு எழுந்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். மாலையும் கழுத்துமாக, பாவி, நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜீப்பில் வந்தவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு பெருமாளைச் சேவிக்க வந்தவராம். சத்திரத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன்பிறகு மாமா எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. அம்மா போட்ட கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. அடுத்த வருஷமே செத்துப்போனார். சாவுக்குப் போனபோது மாமி எங்களோடு பேசவேயில்லை. கருமாதியன்றுதான் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இலை போட்டு, தன் கையாலேயே சோறு வைத்தாள். அம்மாவுக்குக் கை சோற்றுக்குப் போகவில்லை.

"சாப்புடும்மா," என்றாள் மாமி. "எங்க ஊட்ல யாரும் ஒன்ன எழுந்துருன்னு சொல்லமாட்டாங்க."