அம்மா சொல்லாத வார்த்தை

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில், எங்கள் காம்பிராவுக்கும் சித்தப்பாவின் காம்பிராவுக்கும் நடுவே ஒரே சுவர்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மாவுக்கும் சித்திக்கும் பேச்சு நின்றது ஒரு கட்டு மிலாறால். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளை மிலாறு என்று விறகுக்குக் கட்டிக்கொண்டு வருவோம். யார் கட்டை யார் எடுத்தது என்பதில் ஆரம்பித்து, இருவரும் முகம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். மலைத் தண்ணீர் விழும் பீலியில் யார் முதலில் குடம் பிடிப்பது என்பதைக்கூட நான்தான் இங்குமங்கும் போய்ச் சொல்ல வேண்டும்.

சித்திக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். பிள்ளை இல்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ரொட்டி தருவாள். நான் கொண்டுபோன செய்தி சாதாரணமாக இருந்தால் “சரி” என்று அடுப்பு ஊதத் திரும்பிவிடுவாள். கொஞ்சம் காரம் சேர்த்தால் வேலையை விட்டுவிட்டுக் கேட்பாள். அது எனக்குப் பிடித்திருந்தது. நாளுக்கு நாள் காரம் கூடியது. ஒருநாள் சொல்ல ஒன்றுமே இல்லை. பீலியில் யாரோ யாரையோ திட்டியது ஞாபகம் வந்தது. “மலடிக்கு எதுக்கு இம்புட்டு வெறகு, யாருக்குப் பொங்கிப் போடப் போறான்னு அம்மா கேட்டாங்க” என்றேன்.

அன்று ரொட்டி கல்லிலேயே கருகியது.

அடுத்த வாரம் சித்தப்பா, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மச்சான் இருக்கும் தோட்டத்துக்கே குடிபோவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டார். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அப்பா. அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. பொகவந்தலாவையில் இருந்த தன் அக்காவுக்கு ஆள் அனுப்பினார்.

அத்தை சண்டை தீர்ப்பதில் பேர் போனவள். ஆனால் தீர்ப்புச் சொல்லமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்திறங்கி, முதலில் அம்மாவோடும் அப்புறம் சித்தியோடும் தனித்தனியே உட்கார்ந்து, பேசுவதற்கே பழக்கினாள்.

“‘நீ அப்படிச் செஞ்ச’ன்னு ஆரம்பிக்காத. ‘எனக்கு இப்படி வலிச்சுச்சு’ன்னு மட்டும் சொல்லு. எங்க, இன்னொரு தடவ சொல்லு பாப்போம்.”

அம்மா மூன்று தடவை தப்பாகச் சொன்னாள். பாடம் ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை மாதிரி அவள் விழித்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

மத்தியானம் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தாள். ஒருத்தி சொன்னதை மற்றவள் முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகுதான் பதில். மிலாறுக் கட்டு சுலபமாகத் தீர்ந்தது. அப்பாகூட லேசாகச் சிரித்தார். அப்புறம் சித்தி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“வெறகு போனா போவுது. அக்கா என்னைய மலடின்னு சொன்னதுதான் எனக்குத் தாங்கல.”

அம்மா திருப்பிச் சொல்ல வாயெடுத்தாள். அந்த வார்த்தை வரவில்லை. பக்கத்திலிருந்த என் தலையில் கையை வைத்தாள்.

“எம்புள்ள மேல சத்தியமா நான் சொல்லலீங்க அண்ணி!”

அத்தை சித்தியைப் பார்த்தாள். “ஒங்கிட்ட யாரு சொன்னது?”

சித்தி என்னைப் பார்த்தாள். அம்மாவின் கை இன்னும் என் தலையில்தான் இருந்தது. ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தரையில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யாரும் சொல்லலீங்க அண்ணி,” என்றாள் சித்தி. “செவுத்துக்கு அந்தப் பக்கம் கேட்ட மாதிரி இருந்துச்சு. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்.”

அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டாள். அம்மா அழுதுகொண்டே அவளைக் கட்டிக்கொண்டாள். நோட்டன் பிரிட்ஜ் பேச்சு அதோடு நின்றது. ஆனால் லயத்தில் சித்திக்குச் ‘சந்தேகக்காரி’ என்று பேர் வந்துவிட்டது. பல வருடம் அந்தப் பேரைப் பலர் வாயால் கேட்டேன். ஒருதடவைகூட நான் வாய் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் சித்தி என்னைக் கூப்பிட்டுத் தலை பின்னிவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. சொன்னது நான்தான் என்பதையே மறந்துவிட்டாள், தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பின்னிக்கொண்டிருந்த கை நடுவில் நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“தடுமனா சித்தி?” என்று கேட்டேன்.

“ஆமா கண்ணு,” என்றாள்.

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நானும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன்.