சமத்துவப் பிரிவில் என் பதில் கடமை

வேலைத்தலத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று சுவரில் எழுதிப் போடுவது லேசு; அது நடக்கிறதா என்று பார்த்துவரப் போகிறவளுக்குத்தான் பஸ் கிடைக்காது.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு, பெண் என்பதால் ஓர் அநியாயம் நடந்தால் விசாரிக்கிற அரசாங்கப் பிரிவு எங்களுடையது. கண்டியில், மாடியில், ஒரே அறை. செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்த பிறகு, ஓய்வு பெற்றுப் போன பொறுப்பதிகாரி அம்மாவின் இடத்துக்கு ஆள் வரவில்லை. எழுத்து வேலை பார்த்த லிகிதரை வேறு கந்தோருக்கு மாற்றினார்கள். சாரதியோடு வானும் போனது. மிஞ்சியது வெளிக்கள உதவியாளரான நான். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். "புதியவர் நியமிக்கப்படும் வரை பதில் கடமை" என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. இப்படிப் பதில் கடமை பார்த்த சகோதர சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை: வேலை மட்டும் முழுசாக வரும், மற்றதெல்லாம் பிறகு வரும் என்பார்கள்.

ஐயா எப்ப வருவாரு?

ஒரு நாள் காலையில் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டுகிறவரையும் குறைத்துவிட்டார்கள். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து புஷ்பராணி என்று ஒரு கொழுந்து பறிக்கிற பெண் வந்து வாசலில் நின்றார். நாற்பது வயதிருக்கும். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து கதையைக் கேட்டேன்.

அவருடைய கூட்டத்தை மேற்பார்வை பார்த்த கங்காணி சுகமில்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார். அன்றிலிருந்து எந்த மலைக்குப் போவது, யாரை எந்த நிரையில் விடுவது, கொழுந்து நிறுக்கும்போது சண்டை வராமல் பார்ப்பது, எல்லாம் புஷ்பராணிதான். இப்போது தொழிற்சாலையில் நின்ற ஒருவரைக் கங்காணியாகப் போட்டு, அவருக்கு வேலையைப் பழக்கிக் கொடு என்று இவரிடமே சொல்லியிருக்கிறார்கள். கேட்டதற்கு, கங்காணி வேலை ஆம்பளை வேலை என்றார்களாம். அந்த வேலை எனக்கு வேண்டும், அதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது என்று நேராகச் சொன்னார். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, விசாரிக்கிறேன் என்றேன். அவர் என் கையையும் மூலையில் சாத்திவைத்த விளக்குமாற்றையும் பார்த்தார்.

"பரவாயில்லம்மா, நீங்க சொல்லி மட்டும் வைங்க. ஐயா வந்ததும் நான் திரும்ப வர்றேன்."

துரை அனுப்பிய ஜீப்

விசாரிக்கப் போகுமுன் தோட்டத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது முறை. அறிவித்தேன். பஸ் தெல்தோட்டைக் கடைத்தெரு வரைதான் போகும், அதற்கு மேல் ஏற்றம். ஆட்டோவில் போனால் அந்தப் பில்லை மேலிடம் திருப்பி அனுப்பும். இதையெல்லாம் தோட்டத்தை நடத்துகிற துரை எப்படியோ தெரிந்துகொண்டு, பஸ் நிற்கிற இடத்துக்கே ஜீப்பை அனுப்பியிருந்தார். மழையும் பிடித்துக்கொண்டது. அம்மனே அனுப்பினாள் என்று கும்பிட்டுவிட்டு ஏறினேன்.

மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்திருக்க ஜீப் நின்றது. சாரதி கதவைத் திறந்து எனக்குக் குடை பிடித்தார். அவ்வளவுதான். இத்தனை நாளும் உங்களை வழிநடத்தியது யார் என்று கேட்டால், எங்களுக்கு ஒன்றும் தெரியாதுங்க என்றார்கள். குறை ஏதும் உண்டா என்றால், துரை தங்கமானவர் என்றார்கள். புஷ்பராணியின் சொந்த நாத்தனாரே, கங்காணி யாராக இருந்தால் என்ன என்று தலையைத் திருப்பிக்கொண்டார். எழுத ஒரு வரி கூடக் கிடைக்கவில்லை. இந்த வெறும் தாளோடு நான் விசாரணைக்குப் போயிருந்தால் புஷ்பராணியின் மனு அன்றோடு முடிந்திருக்கும். திரும்பும்போது புஷ்பராணி ஜீப் வரை கூடவே வந்தார். கோபமில்லை, வருத்தம்தான்.

"நீங்க நனைஞ்சுக்கிட்டு நடந்து வந்திருந்தா எல்லாரும் வாயத் தொறந்திருப்பாங்கம்மா."

வெள்ளிக்கிழமை

அடுத்த முறை யாருக்கும் அறிவிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலை நேரம் முடிந்த பிறகு, என் சொந்தச் செலவில் பஸ் ஏறி, ஏற்றத்தை நடந்தே ஏறி, அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். வேண்டிய அளவு நனைந்தும் இருந்தேன். கும்பிட்டது உண்மையாகத்தான், அம்மனிடம் பொய்க்குப் போய் நிற்கிற ஆள் நானில்லை.

பூசை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது, நான் கேட்காமலேயே பேச்சு வந்தது. என் சேலையைப் பிழிய உதவிய நாத்தனார்தான் தொடங்கினார். புஷ்பராணி நின்றால் நிறுவையில் சண்டை வராது. பால் கொடுக்கிற தாய்மாரை, குழந்தைகளை விட்டிருக்கும் பிள்ளைக் காம்பராவுக்கு நேரத்துக்கு விடுவார். புதியவருக்கு எந்தப் பிள்ளை யாருடையது என்றே தெரியாது. எல்லாரும் சொன்னதை எழுதி, புஷ்பராணி சொன்னால் நாங்கள் கேட்போம் என்று கடைசியில் சேர்த்து, கற்பூரத் தட்டு வைக்கிற மேசையிலேயே கையெழுத்து வாங்கினேன். பூசாரி ஐயா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் எங்கிருந்து வந்திருக்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். கற்பூரத் தட்டை எடுத்து மேசையில் திரும்ப வைத்தார்.

"ஏம்மா, கவர்மெண்டே இப்ப இங்க வந்துதான் கும்பிட வேண்டியிருக்கா?"

நின்றபடி ஒரு விசாரணை

விசாரணை எங்கள் அறையில். எங்கள் கதிரைகளைக் கீழ்மாடிப் பிரிவு கொண்டுபோனது போக, மூன்று மிச்சம்: துரைக்கு ஒன்று, புஷ்பராணிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சரியாகத்தான் இருந்தது. ஆனால் துரைக்கு முன்னால் உட்கார்ந்து புஷ்பராணிக்குப் பழக்கமில்லை. எத்தனை சொல்லியும் அலுமாரியோடு ஒட்டி நின்றார். அவர் நிற்கும்போது நான் உட்கார்ந்தால் அது என்ன சமத்துவம் என்று நானும் எழுந்தேன். இரண்டு பெண்கள் நிற்கத் தான் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று துரையும் எழுந்துவிட்டார். நல்ல மனிதர்தான், முழங்காலில்தான் நோவு.

மூன்று கதிரையும் சும்மா கிடக்க விசாரணை நடந்தது. பெண் கங்காணி சொன்னால் பெண்களே கேட்கமாட்டார்கள், வேறு காரணம் இல்லை என்றார் துரை. அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டு, கோயிலில் வாங்கிய தாளை நீட்டினேன். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்று கடைசிக் கையெழுத்து வரை படித்தார். இத்தனை பேரும் கேட்போம் என்று எழுதியிருக்கும்போது அவரிடம் வேறு காரணம் இருக்கவில்லை. தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

"சரி, புஷ்பராணியையே போடுறோம். இனியாவது யாராவது ஒருத்தர் உக்காருங்க."

பழக்கிக் கொடுக்கவும்

கங்காணி நியமனக் கடிதத்தைக் காட்ட, தனக்கு லீவு கிடைத்த நாளொன்றில் புஷ்பராணி பழமும் விபூதியும் கொண்டு வந்தார். அன்று காலைத் தபாலில் எனக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. பிரிவுக்கு நிரந்தரப் பொறுப்பாளரை நியமித்துவிட்டார்களாம். கீழ்மாடிப் பிரிவில் ஆள் கூடிப்போய் மிஞ்சியிருந்த ஓர் ஆண் உத்தியோகத்தர். என் அளவே படிப்பு, என்னைவிடக் குறைந்த சேவைக் காலம். மலைப் பகுதிகளுக்குப் போய்வருவது பெண் உத்தியோகத்தருக்குச் சிரமம் என்பதைக் கருத்திற்கொண்டு இந்த முடிவு என்றும், அவருக்கு வேலையைப் பழக்கிக் கொடுக்கவும் என்றும் எழுதியிருந்தது.

வாசித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. தானாகவே கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அப்ப நீங்க யாருகிட்டம்மா மனு குடுப்பீங்க?"

என் மனுவை அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன்; புதியவர் பொறுப்பேற்கும் வரை இப்படிப்பட்ட மனுக்களை விசாரிக்க இங்கே இருப்பது நான் ஒருத்திதான் என்பதால், அதைப் பெற்று முத்திரை குத்தியதும் நானே, அம்மன் துணையோடு சீக்கிரம் விசாரணைக்கு வரச்சொல்லி அழைக்கப்போவதும் என்னையே.