சக்கரபாணிக்குச் சத்தமில்லாத பெட்டி

பத்தொன்பது வருஷமாக விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ரிப்பேருக்கு வரும் பெட்டியைத் திறந்தால் அந்த இடத்து ஜாதகமே தெரிந்துவிடும். மண்டிக்காரர் பெட்டியில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் தோல் கிடக்கும். பத்திரம் எழுதுகிறவர் பெட்டியில் பல்லி முட்டை இருக்கும். ஒரு ஜெராக்ஸ் கடைப் பெட்டிக்குள் எலி குடும்பமே நடத்தியிருக்கிறது. ஆனால் அந்துருண்டை வாசனையோடு ஒரு பெட்டி வந்தது ஒரே ஒரு தடவைதான்.

அதைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தவர் திண்டிவனம் சக்கரபாணி. அறுபதை நெருங்கும் வயது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் கைக்குட்டை. அவர் முகம் யாருக்கும் தெரியாது. குரல் தெரியாதவர் இந்தப் பக்கம் குறைவு. ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு, "தாய்மார்களே, உங்கள் பகுதிக்கே வந்திருக்கிறது" என்று தெருத் தெருவாகப் போகுமே, அந்தக் குரல் அவருடையது. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கூழ் வார்த்தல், பள்ளிக்கூட அட்மிஷன், எல்லாவற்றையும் வீட்டிலேயே பேசிப் பதிவு செய்து பென் டிரைவில் கொடுப்பார். மயிலத்திலிருந்து அனந்தபுரம் வரைக்கும் அவர் குரல் போகும். அவர் மட்டும் வீட்டை விட்டு அதிகம் நகரமாட்டார்.

பெட்டியைத் திறந்தேன். பிராசஸர் மேல் இருக்கும் சின்ன ஃபேனில் பட்டு நூலும் ஜரிகையும் சுற்றிச் சுற்றி இறுகிப் போயிருந்தன. சூட்டில் போர்டு கருகியிருந்தது.

"சார், இத எங்க வெச்சிருந்தீங்க?"

"பீரோவுல தம்பி."

"பீரோவுலயா?"

"சத்தம் தாங்க முடியல. வயரை மட்டும் வெளிய வுட்டுட்டு, பொட்டிய பொடவைங்க நடுவுல வெச்சு கதவ சாத்திட்டேன். ரெண்டு மாசம் நல்லாத்தான் ஓடிச்சு."

தலையில் அடித்துக்கொண்டேன். வாடிக்கையாளர் முன்னால் அப்படிச் செய்யக்கூடாதுதான். ஆனால் கம்ப்யூட்டரைப் பீரோவில் வைத்துப் பூட்டியவர் முன்னால் வேறு என்ன செய்வது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"புதுசா ஒண்ணு கட்டிக் குடு தம்பி. சின்னதா இருக்கணும். சத்தமே வரக்கூடாது. பேசும்போது பின்னாடி கொர்ருனு கேக்குதாம், பார்ட்டிங்க பேஜாரு பண்றாங்க."

குழாய் ஸ்பீக்கரில் போடுகிற விளம்பரத்தில் ஃபேன் சத்தம் எவன் காதில் விழப்போகிறது என்று எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நல்ல வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடி வைத்த கேபினெட்டும் உள்ளே ஏழு வர்ணத்தில் எரிகிற லைட்டும் கேட்பார்கள். திருவிழா சீரியல் செட்டே தோற்றுப்போகும். சக்கரபாணியோ ஒவ்வொரு கேபினெட்டாகக் கையில் எடுத்து, பவர் பட்டனைச் சுற்றி லைட் எரியுமா என்று விசாரித்தார். எரியும் என்றால் கீழே வைத்துவிட்டார்.

"தூங்குறவங்க கண்ணுல அடிக்கும் தம்பி."

"டேப் ஒட்டிக்கலாம் சார்."

"அதான் சரி. சத்தம்? பக்கத்துல ஒருத்தர் படுத்திருந்தா கேக்குமா?"

இதை அவர் மூன்று தடவை கேட்டார். பதிவு செய்யும் அறையிலேயே படுப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கரண்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பாகம். கேபினெட் வாங்கினால் இது இலவசம் என்று கூடவே கட்டிக் கொடுப்பார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த மாட்டை மட்டும் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். உள்ளே இருக்கும் மட்ட ரக ஃபேன் ஆறே மாதத்தில் முனக ஆரம்பிக்கும், அப்புறம் வருஷக்கணக்கில் முனகும். இதையெல்லாம் நான் ஆவேசமாகச் சொன்னேன். சக்கரபாணி தலையாட்டிவிட்டு, ஃபேனே இல்லாத பெட்டி ஒன்றின் படத்தை போனில் காட்டினார். யாரோ வெளிநாட்டுக்காரன் வீடியோ. கனமான அலுமினியப் பெட்டி. சூட்டைப் பெட்டியின் உடம்பே வாங்கி வெளியே விட்டுவிடும். கரண்டுக்கு லேப்டாப் சார்ஜர் போல ஒன்று வெளியே தொங்கும். சுற்றுகிற பொருள் உள்ளே ஒன்றுகூடக் கிடையாது. எனக்கே அதன் மேல் ஆசை வந்துவிட்டது. சென்னையிலிருந்து வரவழைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

கத்திரி பிறந்த மூன்றாம் நாள் போன் வந்தது.

"தம்பி, பொடவை வெளம்பரம் பாதி பேசிக்கினு இருக்கும்போதே நின்னு போச்சு. தொட்டா கை சுடுது. மேல தோசை ஊத்தலாம்."

பிறகு விசாரித்தால், தெருச் சத்தம் வரக்கூடாதென்று ஜன்னல் எல்லாம் அடைத்திருக்கிறார். மைக்கில் காற்று அடிக்கக்கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்தியிருக்கிறார். வெளிநாட்டுக்காரன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வீடியோ எடுத்திருந்தான். அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன், இரண்டு பேருக்கும் புத்தி வரவில்லை. அறை எப்படி இருக்கும் என்று கேட்காமல் கேபினெட் விற்றது என் தப்பு. அதை அவரிடம் சொன்னேன், பெட்டியையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது பெட்டியை ரோஷத்தோடு கட்டினேன். முன்னதைவிட ஒரு சாண் உயரம், முன்னும் பின்னும் காற்று போக வலை. சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றுவதால்தான் கத்துகிறது. பெரிய ஃபேன் நிதானமாகச் சுற்றினாலே அதே காற்று வந்துவிடும். அதனால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கிட்டத்தட்ட வரும் ஒரே ஃபேன், அதற்குக் கீழே சூட்டை வாங்கிக்கொள்ளும் பெரிய ஹீட் சிங்க். தேவைக்கு இரண்டு மடங்கு சக்தியுள்ள எஸ்.எம்.பி.எஸ். போட்டேன். பாதிச் சக்தியைத் தாண்டாத வரைக்கும் அதன் ஃபேன் சுற்றவே சுற்றாது. ஃபேன் தகரத்தில் அதிரக்கூடாதென்று பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒவ்வொரு திருகுக்கும் அடியில் கொடுத்தேன். பவர் லைட் மேல் கறுப்பு டேப். கடையில் ஓடவிட்டபோது, ஓடுகிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கே என்னை மெச்சத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. இந்த முறை அறையைப் பார்த்துவிட்டுத்தான் மறு காரியம் என்று நானே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்ற நேரத்தில் முதுகு நனைந்துவிட்டது. திண்டிவனத்தில் இறங்கினால் சக்கரபாணி பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தார். நான் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது.

வீடு ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். கூடத்தில் கம்ப்யூட்டர் மேஜை, பீரோ, அவற்றுக்கு நடுவில் இரட்டைக் கட்டில். கட்டிலில் இரண்டு தலையணை. ஒன்று எண்ணெய்ப் பிசுக்கேறிக் குழிந்திருந்தது. இன்னொன்றின் உறை கடையில் வாங்கிய மடிப்புக் கலையாமல் இருந்தது.

"வீட்டம்மா ஊருக்குப் போயிருக்காங்களா சார்?"

"செண்பகம் ஓசூர்ல இருக்கா. எம் பொண்ணு பானுப்ரியா வூட்ல. பிரசவத்துக்குப் போனவ. பொண்ணு, மாப்ள ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, கொழந்தைய யாரு பாத்துப்பா?"

"கொழந்தைக்கு எத்தினி மாசம்?"

"வர்ற ஆவணியில நாலு வயசு."

நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவது போலப் பையைத் துழாவினேன். அவர் மேஜையைத் துண்டால் துடைத்துக்கொண்டே பேசினார்.

"பொங்கலுக்கு வந்தா. ஒரு வாரம் இருக்கேன்னுதான் வந்தா. மூணாம் நாளே கெளம்பிட்டா. 'இந்த பொட்டி போடுற சத்தத்துல மனுஷி கண்ண மூட முடியல, எப்பிடித்தான் இருக்கீங்களோ'ன்னா. நானும் பீரோவுல வெச்சுப் பாத்தேன்."

"பார்ட்டிங்க சத்தம் கேக்குதுன்னாங்கன்னு சொன்னீங்களே சார்?"

"பார்ட்டிங்க எங்க சொன்னாங்க. அந்தக் குழாயில என் பேச்சே பாதிதான் புரியும்."

பெண்டாட்டி நாலு வருஷமாக வீட்டில் வந்து தங்காததற்கு ஒரு மனுஷனிடம் ஒரே ஒரு காரணம்தான் கைவசம் இருந்தது. அதை ரிப்பேர் செய்ய என்னிடம் வந்திருக்கிறார். அந்தச் சத்தத்தினால் அந்தம்மா போகவில்லை என்று சொல்ல நான் யார். வயரை மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

திரை எரிந்தது. சக்கரபாணி ஜன்னல்களை அடைத்தார், மின்விசிறியை நிறுத்தினார், கட்டிலில் போய் அந்தப் புது உறைத் தலையணையில் தலை வைத்துப் படுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஓடுதா தம்பி?"

"ஓடுது சார்."

எழுந்து உட்கார்ந்தவர் முகத்தைப் பார்த்தால், பரீட்சையில் பாஸான பிள்ளையைப் போல இருந்தது. உடனே போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். ஐந்தாறு மணி அடித்த பிறகு எடுத்தார்கள். முதலில் வந்தது டி.வி. சத்தம், அப்புறம் குழந்தை அழுகை, அதற்கப்புறம்தான் செண்பகம்.

"ஏங்க, சாப்ட்டீங்களா?"

"ஆச்சு. செண்பகம், புது பொட்டி வந்துடுச்சு. இதோ ஓடிக்கினு இருக்குது. கிட்ட வெக்கிறேன், சத்தம் கேக்குதான்னு பாரு."

அவர் பேசும்போதே அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "இர்றா கண்ணு, வர்றேன் வர்றேன்," என்று செண்பகம் பேரனிடம் சொன்னார். இவர் சொன்னதில் எது அவர் காதில் விழுந்ததோ தெரியாது. சக்கரபாணி என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். போனைப் பெட்டியின் வலையருகே கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"ஏங்க," என்றது போன். "ஏங்க, இருக்கீங்களா?"

அவர் அசையவில்லை.

"ஹலோ. ஒண்ணுமே கேக்கலியே. பானு, லைன் கட்டாயிடுச்சு போல. அப்பாதான். அப்புறமா பேசிக்கலாம், நீ இவனுக்குத் தட்டு எடுத்துகினு வா."

போன் அணைந்தது.

சக்கரபாணி அதைச் சட்டையில் துடைத்தார். என்னிடம் திரும்பினார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"பாத்தியா தம்பி. லைனே கட்டாயிடுச்சுன்னு நெனச்சிகினா. அவ்ளோ அமைதியா இருக்குது."

"திருப்பிக் கூப்புடுங்க சார். வெவரமா சொல்லுங்க."

"வேணாம். கொழந்தைக்கு சோறு ஊட்டிட்டு அவளே கூப்புடுவா."

போனை மேஜை மேல் நிமிர்த்தி வைத்து, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் கேட்பதற்கு இப்போது எதுவுமே இல்லை. பழைய பெட்டியாவது கொர்ரென்று ஏதாவது பேசிக்கொண்டிருந்தது, அதையும் பிடுங்கிவிட்டேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அவரைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பக்கவாட்டுத் தகட்டின் நாலு திருகையும் கழற்றினேன்.

"இன்னா தம்பி, எதனா லூசா இருக்குதா?"

"ஒருக்கா செக் பண்ணிடறேன் சார்."

மெதுவாக முறுக்கினேன். மறுபடி கழற்றினேன். மறுபடி முறுக்கினேன். போன் அடிக்கவில்லை. மூன்றாம் தடவை கழற்றப் போனபோது கை நின்றுவிட்டது. மெல்லிய தகடு. இதற்கு மேல் திருகினால் மரை தேய்ந்துவிடும். வர்றேன் சார் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.