நாலு கதவு கோவிந்தராசு

கோவிந்தராசு அண்ணன் போய்விட்டார்… இன்று விடியற்காலையில். அவர் மகள் போன் செய்து அழுதபோது எனக்கு அழுகை வரவில்லை. இப்போது டைப் செய்யும்போதுதான் வருகிறது.

வலங்கைமான் டாக்சி ஸ்டாண்டில் அம்பாசிடர் ஓட்டியவர். இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அந்த வண்டியில் ஏறியிருப்பீர்கள். கல்யாணம், பிரசவம், வேளாங்கண்ணி… எதுவானாலும் அவர்தான். ஆஸ்பத்திரி சவாரி என்றால் சாப்பிடும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் "நாலு கதவு". ரெண்டு கதவு காரை யாராவது புகழ்ந்தால் போதும், சண்டைக்கு வந்துவிடுவார். மற்ற டிரைவர்கள் வேண்டுமென்றே கிளறிவிட்டு, டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

என் மகனுக்குப் பழைய கார் பைத்தியம். தஞ்சாவூரில் யாரிடமோ ஒரு ரெண்டு கதவு ஹெரால்டு காரை வாங்கி, சிவப்பு பெயின்ட் அடித்து, நேராக அண்ணனிடம் காட்டத்தான் கொண்டுபோனான். நானும் கூடப் போனேன்.

அந்த நீளக் கதவு, நடுவில் தடுப்பே இல்லாமல் ஓடும் பக்கவாட்டு லைன்… நாலு கதவு வைத்தால் இந்த லுக் வருமா என்று அவன் பெருமையடித்துக்கொண்டே இருந்தான். அண்ணன் பொறுமையாகத் தலையாட்டினார்.

"அழகுதான் தம்பி, யாரு இல்லேன்னா. ஆனா பின்னாடி உள்ளவன் எறங்கணும்னா முன்னாடி உள்ளவன் மனசு வைக்கணும். அது என்ன காரு?"

மகன் சிரித்தான். அவன் தாத்தா, அதாவது என் அப்பா, செத்த கதை அவனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நான் சிரிக்கவில்லை.

அண்ணன் வாலிபத்தில் ஓட்டியதும் அதே மாதிரி ரெண்டு கதவு ஹெரால்டுதான். எங்கள் ஊர் மிராசுதாருடைய கார். என் அப்பா அவர் வயலில் கூலியாள்… விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் முன்னால் நின்றவர்.

குறுவை அறுப்பு சமயம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் யாரும் வயலில் இறங்கவில்லை. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். களத்தில் தள்ளுமுள்ளு… பட்டப்பகலில். யார் கை அரிவாள் என்று இன்றுவரை தெரியாது. அப்பாவுக்குத் தொடையில் வெட்டு.

மிராசுதாரே பதறிப்போய்க் காரை அனுப்பினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். உடனே கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

அப்பாவால் காலை மடக்க முடியவில்லை. அந்தக் காரில் முன் சீட்டை மடித்துவிட்டு, கிடைக்கிற சந்து வழியாகத்தான் பின்னால் போக வேண்டும். இந்தப் பக்கமாக நுழைத்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கமாக இழுத்துப் பார்த்தார்கள். அப்பா போட்ட சத்தம்… அதை எழுத வரவில்லை.

கடைசியில் நாலு கதவு வண்டி பிடித்து வர, அண்ணன் அதே காரை எடுத்துக்கொண்டு வலங்கைமானுக்கு ஓடினார். டிரைவரோடு ஒரு அம்பாசிடரைப் பின்னால் வரச் சொல்லி, அவர் அந்தக் காரிலேயே திரும்பி வருவதற்குள் அம்மா மடியிலேயே அப்பாவுக்கு முடிந்துவிட்டது.

நாலு கதவு இருந்திருந்தால் மனுஷன் பிழைத்திருப்பான் என்று ஊரே சொன்னது. நாங்களும் அதையே சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். அண்ணன் மிராசுதார் வேலையை விட்டுவிட்டு, கடனை உடனை வாங்கி அம்பாசிடர் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

போன வருடம் மகன் அந்தச் சிவப்புக் காரில் என்னை பேங்குக்குக் கூட்டிப்போனான். முன் சீட்டில் உட்காரச் சொன்னான். கதவைத் திறந்தால் வீட்டு வாசல் மாதிரி அகலம். அம்பாசிடர் கதவெல்லாம் அதற்குப் பக்கத்தில் வர முடியாது.

உட்கார்ந்து காலை நீட்டினேன். நீட்ட முடிந்தது.

அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்திருக்கலாம்.

இவ்வளவு நாளாக நான் கதவை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். பேங்குக்குள் போகாமலே வீட்டுக்குத் திரும்பச் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தூக்கிய சங்கத்து ஆட்களுக்குத் தோன்றவில்லை. மிராசுதாரை எதிர்த்து நின்ற அப்பா வாயிலும் அது வரவில்லை… ரத்தம் போய்க்கொண்டிருந்தபோதுகூட.

அண்ணனிடம் கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. நான் ரிட்டயர் ஆன பிறகும் அவருக்குப் பாப்பாதான்.

"தெரியும் பாப்பா. வலங்கைமான்லேருந்து தனியா ஓட்டிக்கிட்டு வந்தேன்ல… அப்பவே தெரிஞ்சுபோச்சு. பக்கத்து சீட்டு காலியாக் கெடந்துச்சு."

அப்படியென்றால் அந்த மனிதர் அத்தனை வருடமும் ஸ்டாண்டில் போட்ட சண்டையெல்லாம் என்ன… எனக்கு யோசிக்கவே பயமாக இருக்கிறது.

அம்மாவிடமும் கேட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டாள், நினைவு நன்றாகவே இருக்கிறது. என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"முன்னாடியா? அது ஐயா உக்கார்ற எடம்ல."



அண்ணே… "என்மேல கோபமா பாப்பா" என்று நீங்கள் ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அது நிஜமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் எடுக்கிறார்களாம். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். அதற்குள் வந்துவிடுகிறோம் அண்ணே.