பாக்கியம் வைத்த கைநாட்டு

ஈப்போவை ஒட்டிய சிலிபினில் கல்வீடு ஒன்று, என் பெயரில். மூன்று பிள்ளைகள், மூவரும் மேற்படிப்பு. ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரிக்கார்டு அறை, எலி கடித்த அட்டைப் பெட்டிகளாகக் கிடந்ததை இரும்பு அலமாரி, நிற நாடா, வரிசை எண் என்று நான் நிமிர்த்திய அறை. நோய்க்கு எண் போடும் சான்றிதழ், கோலாலம்பூரில் முத்திரை குத்தியது, கண்ணாடிச் சட்டத்தில் இன்றும் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இத்தனையும் தாப்பா பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் செய்தது. யாரும் தூக்கிவிடவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டுக் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்ல நாலு பேர் தயாராக இருப்பார்கள்.

பேய் பிசாசையெல்லாம் நான் மதித்ததே கிடையாது. விடியும் முன்னே சுடுகாட்டு ஓரத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம் எங்களுடையது, பயந்திருந்தால் சோறு ஏது? மருத்துவமனையில் முதல் ஐந்து வருடம் கட்டில் தள்ளினேன், பிணமும் தள்ளினேன். எந்தப் பிணமும் என்னிடம் பேசியதில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எண் போடும் வேலை என்னவென்று சொல்கிறேன். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு, அல்லது இறந்த பிறகு, அவருடைய கோப்பு ரிக்கார்டு அறைக்கு வரும். அதன் முன்பக்கத்தில் டாக்டர் எழுதிய நோய்ப் பெயரை இரண்டு தடித்த புத்தகங்களில் தேடி, அதற்குரிய எண்ணை எழுத வேண்டும். எண் இல்லாமல் பில் எழும்பாது. கட்டில் தள்ளிய கையால் கோப்பு தூக்கப் போனவன், அந்த அட்டைகளைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் எழுத்துக் கூட்டினேன். பழைய காலண்டர் தாள்களின் பின்னால் நோய்களையும் எண்களையும் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அண்ணே, இன்னிக்கு எந்த நம்பர் விழும்னு நமக்கும் சொல்லுங்க லா" என்பார். 486 நுரையீரல் காய்ச்சல் என்றேன். மனிதர் அதற்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து நாலு நம்பர் லாட்டரிக் கடையில் கட்டிவிட்டு வந்தார்.

எங்கள் அறைக்குத் தலைமைக் கிராணி, அதாவது பெரிய குமாஸ்தா, சேவியர் அண்ணன், டவுனில் பிறந்து டவுனில் படித்தவர். நான் சான்றிதழ்ப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்த அன்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "டேய் ஆறாங்கிளாசு, டாக்டர் எழுத்து எனக்கே வெளங்காது. நீ எண் போட்டா மலேரியாக்காரனுக்குப் பிரசவ பில்லு போயிரும்டா." அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "ஃபெயிலானா திரும்பக் கட்டில் தள்ளப் போயிடறேண்ணே" என்றேன். வாய்விட்டேன், மாட்டிக்கொண்டேன். அவர் அதை அப்படியே நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பரீட்சை இப்படி: வியாழக்கிழமை பழைய கோப்புகள் பன்னிரண்டு கொடுத்தார்கள், சனிக்கிழமை காலை கோலாலம்பூரிலிருந்து தேர்வாளர் வருவார், அதற்குள் எண் போட்டு வைக்க வேண்டும், கோப்பு அறையை விட்டு வெளியே போகக் கூடாது. எங்கள் அறையில் ஒரு பழக்கம், முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது. பின்னால் எத்தனை தாள் இருந்தாலும் புரட்ட மாட்டோம். சேவியர் அண்ணன் உத்தரவு அது. நானும் அப்படித்தான் பன்னிரண்டுக்கும் எண் போட்டு முடித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பகல். பன்னிரண்டே காலுக்கு மலாய்க்காரத் தோழர்கள் தொழுகைக்குப் போய்விட்டார்கள், சேவியர் அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார், நடைக்கதவை நான்தான் உள்ளேயிருந்து பூட்டினேன், சாவி என் சட்டைப் பையில். நல்ல வெயில். நிமிர்ந்து பார்க்கிறேன், கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். தலையில் துண்டு, சாரக் கைலிக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, முழுக்கை. தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிறவர்கள் போடும் உடுப்பு. பூட்டிய கதவு எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை என்பதுதான் விசித்திரம்.

"கவுண்டர் மூடியாச்சுக்கா, ரெண்டே முக்காலுக்கு வாங்க."

"அதுக்குள்ள தோட்டத்து லோரி போயிரும் தம்பி. என் பேப்பர முழுசா பாத்தியா?"

"பேரு என்னா?"

"பாக்கியம். முன்னால எழுதுனத வுடு. கடைசி பேப்பரப் பாரு."

கோப்பு கேட்டு வருகிறவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். விதி விதிதான். பதிவேட்டைத் தள்ளினேன். "பெருவெரலுதான்" என்றாள். ஊதா மைப் பெட்டியைத் திறந்து வைத்தேன், அழுத்தினாள். விரலுக்குக் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு, ரேகையை இரண்டாகப் பிளந்து. திரும்பும்போது அவள் முதுகைப் பார்த்தேன். சட்டை தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்து ஒட்டியிருந்தது. பெயரைத் தேடலாம் என்று குனிந்தால் என் மேசையில் இருந்த பன்னிரண்டில் ஒன்பதாவது கோப்பே அவளுடையதுதான். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். ஆள் இல்லை. கதவுக்கு ஓடினேன். பூட்டு பூட்டியபடி. திறந்தால் வெளியே காவலாளி, "யாரும் வரலியே அண்ணே, நான் இங்கதானே ஒக்காந்திருக்கேன்" என்றார்.

கோப்பைத் திறந்தேன். பாக்கியம், தோட்டத் தொழிலாளி, நுரையீரல் காய்ச்சல், இறப்பு. மூன்று வருடத்துக்கு முன்னால்.

மூடி வைத்துவிடலாம் என்று பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் புரட்டினேன். கடைசித் தாளுக்கும் பின்னால், நாலாக மடித்துக் குண்டூசி குத்திய கடிதம், தோட்டத்து மருந்தகத்தில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரசர் எழுதியது. காலையிலிருந்து மருந்துப் பம்பு ஒழுகி முதுகு முழுக்க நனைந்திருக்கிறது, தோல் வெந்திருக்கிறது, மாற்றுச் சட்டை கொடுக்கவில்லை, நாலாம் நாள் மூச்சுத் திணறல். களைக்கொல்லி தோல் வழியாக இறங்கினால் கடைசியில் நுரையீரலைத்தான் பிடிக்கும். தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இதற்குப் புத்தகம் வேண்டாம். காய்ச்சல் எண்ணை அடித்துவிட்டு விஷத்துக்கான எண்ணை எழுதினேன்.

சாப்பிட்டுவிட்டு வந்த சேவியர் அண்ணன் பார்த்தார். "டாக்டர விட நீ பெரிய ஆளா? அடிச்சத அழிச்சிட்டுப் பழைய எண்ணப் போடு. இல்ல, திங்கக்கெழமை கட்டிலு தள்ளுவ."

"தள்ளுறேண்ணே. ஆனா எண்ண மாத்த மாட்டேன்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குப் போனேன். கட்டில் தள்ளியவன் டாக்டர் கதவைத் தட்டுவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. முதலில் எரிந்து விழுந்தார். அப்புறம் கடிதத்தைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். இது தன் கைக்கு வரவே இல்லை என்றார். முன்பக்கத்தில் சிவப்பு மையில் திருத்தி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை தேர்வாளர் வந்தார், வயதான சீனப் பெண்மணி. ஒன்பதாவது கோப்பில் நின்றுவிட்டார். கடைசித் தாளை ஏன் திறந்தாய் என்று கேட்டார். தோட்டத்து டிரசர் கடிதம் எப்போதும் பின்னால்தான் குத்தியிருக்கும், அது எனக்குத் தெரியும் என்றேன். பொய் இல்லை. முழுசும் இல்லை. தேறினேன். அந்த அறையில் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நான். அன்றிலிருந்து கோப்பைப் பின்னாலிருந்து படிப்பது என்பது அங்கே முறையாயிற்று. அதைக் கொண்டுவந்ததும் நான்.

ஒரு வாரம் கழித்து, பாக்கியம் மருத்துவமனையில் சேர்ந்தபோது ஒப்புதல் தாளில் வைத்த ரேகையையும் பதிவேட்டில் இருந்ததையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று வைத்துப் பார்த்தேன். அதே தழும்பு, அதே இடத்தில். சேவியர் அண்ணன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் அதை என்ன செய்தார் தெரியுமா? "பேய் சொல்லிக் குடுத்து பாசானவன்" என்று ஊரெல்லாம் பரப்பினார். இப்போது அந்த மருத்துவமனை நினைவு மலர் ஒன்று போட்டிருக்கிறது. ரிக்கார்டு முறையை உருவாக்கியவர் என்று சேவியர் அண்ணனின் படம். என் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை.

பழைய பதிவேடுகளை எரிக்கும்போது அந்த ஒரு தாளை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன். சான்றிதழுக்குப் பின்னால் இருக்கிறது. அதே பக்கத்தில் மற்றவர்கள் வைத்த ரேகைகளெல்லாம் வெளுத்துப் பழுப்பாகிவிட்டன. அவளுடையதைத் தொட்டால் மட்டும் இன்றும் விரலில் ஊதா ஒட்டுகிறது. எனக்கு அதற்கு விளக்கம் தெரியாது, போன தீபாவளிக்குத் தொட்ட பிறகு தொடவும் இல்லை.

ஆனால் ஒன்று தெரியும். கடைசிப் பேப்பரைப் பார் என்றுதான் அவள் சொன்னாள். எந்த நோய் என்று சொல்லவில்லை, எந்த எண் என்று சொல்லவில்லை. படித்தது நான், எழுதியது நான், டாக்டர் கதவைத் தட்டியது நான். மலர் போட்டவர்களே, அடுத்த பதிப்பில் என் பெயரைப் போடுங்கள்: மு. கோவிந்தசாமி, ஆறாம் வகுப்பு. பக்கத்தில் அவள் பெயரையும் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்றால் தாளைக் கொண்டுவருகிறேன், மை இன்னும் காயவில்லை.