வாசிக்காத நேரத்துச் சத்தம்

காரைநகரில் நான் இருப்பது மாமாவின் வீட்டில். மாமா குடும்பம் கனடாவில். வீடு பூட்டிக் கிடந்தால் கறையான் ஏறிவிடும் என்று என்னைக் குடியிருத்தினார்கள். பகலில் யாழ்ப்பாணத்தில் கணினி திருத்தும் கடையொன்றில் வேலை. பின்னேரம் பஸ்ஸில் வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு முன்னறையில் கிற்றாரோடு உட்கார்ந்துவிடுவேன். எங்கள் குழுவில் மூன்று பேர். மற்ற இருவரும் நகரத்தில் இருக்கிறார்கள். நாங்கள் வாசிப்பது ஹெவி மெட்டல் இசை. "தகரத்தைப் போட்டு இடிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று அம்மா ஒருமுறை சொன்னார். அவர் சொன்னதில் பெரிய பிழையில்லை.

அந்தச் சத்தம் கிற்றாரிலிருந்து நேரே வருவதில்லை. கிற்றாருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில், காலால் மிதித்து இயக்குகிற சின்னப் பெடல்களை வயரால் கோத்து வைப்போம். டிஸ்டோர்ஷன் ஒலியைக் கிழித்துக் கனமாக்கும். டிலே அதையே திருப்பித் திருப்பிச் சொல்லும். கேற் என்கிற பெடல் தேவையில்லாத இரைச்சலை அடைத்து வைக்கும். எதற்குப் பின்னால் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூரைக்குப் போடுகிற பனஞ்சலாகை இரண்டைச் சேர்த்து ஆணியடித்து, அதன்மேல் எல்லாவற்றையும் ஒட்டி வைத்திருந்தேன். எனக்கு அது திருப்தியாகவே இருந்தது.

பக்கத்து வளவில் ஓர் அக்கா தையல் வேலை செய்கிறார். கணவர் கட்டாரில். ஒருநாள் பின்னேரம் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"தம்பி, ஒண்டு சொல்லவேணும். குறை நினைக்காதையும்."

"சத்தம் கூடிப்போச்சோ அக்கா? குறைக்கிறன்."

"இல்லை, நீர் அடிக்கிறது பரவாயில்லை. நான் மெசின் ஓடேக்கை அது எனக்குக் கேக்கவும் கேக்காது. அடிச்சுப்போட்டு நிப்பாட்டுறீரெல்லே, அதுக்குப் பிறகு ஒரு சத்தம் எழும்புது. மெல்ல மெல்ல ஏறும். அதுதான் ஏலாமல் கிடக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "சின்னனிலை பொம்மர் வரேக்கை அப்பிடித்தான் கேக்கும். பங்கருக்கை ஓடுறதுக்கு முதல்."

யுத்தம் முடிந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். குண்டு போடுகிற விமானத்தின் சத்தம் எனக்கும் தெரியும். என் கிற்றாரில் அது எனக்குக் கேட்டதேயில்லை.

அடுத்த நாள் அவரையே கூப்பிட்டேன். கதிரையொன்றை வாசலோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வாசிக்காமல் கிற்றாரைச் சும்மா பிடித்தபடி நின்று கேட்டேன். அவர் சொன்னது உண்மை. கேற்றை வரிசையின் முன்னுக்கு வைத்திருந்தேன். அதைத் தாண்டி டிஸ்டோர்ஷன் கிளப்புகிற இரைச்சலை அடைக்க எதுவும் இருக்கவில்லை. இரண்டையும் இடம் மாற்றினேன். அறை அமைதியாகிவிட்டது. எனக்கு ஒரே சந்தோசம். அந்தச் சந்தோசத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தேன்.

அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நெஞ்சில் கை. பிறகு தன்னைப் பார்த்துத் தானே சிரித்தார்.

"இப்ப ஒரு சத்தமுமில்லாமல் இருந்து, திடீரெண்டு ஷெல் விழுந்த மாதிரிக் கிடக்கு."

"அப்ப கடைசியிலை வொலியூம் பெடல் ஒண்டு போடுறன் அக்கா. சத்தம் மெதுவா ஏறி வரும்."

"ஏறி வாறதுதானே எனக்கு ஏலாதெண்டனான்?"

நான் நிலத்தில் குந்தியிருந்து வயர்களைக் கழற்றி மாட்டி, டிலேயை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் பொறுமையாகத் தலையை ஆட்டி இல்லை என்றார். எனக்கு வெட்கமாகவும் கவலையாகவும் இருந்தது. இந்த மனுசிக்குக் கேட்கிற சத்தத்தை எந்தப் பெட்டியில் போட்டு அடைப்பது?

"பெட்டியளை விடும் தம்பி," என்றார் கடைசியில். "தொடங்கப்போறீர் எண்டு எனக்குத் தெரிஞ்சால் காணும்."

டிஸ்டோர்ஷனை நிறுத்தினேன். இடது கையால் தந்திகளை அமத்திப் பிடித்துக்கொண்டு, டக், டக், டக், டக் என்று நாலு தட்டு. பிறகு பெடலை மிதித்து அடித்தேன். அறை அதிர்ந்தது. அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"ஓம். இது சரி."

அது எனக்குப் பழக்கமாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒத்திகையிலும் என்னை அறியாமல் அப்படித்தான் தொடங்கினேன். குச்சிகளைத் தட்டி நாலு எண்ணிப் பாட்டைத் தொடக்கிவைப்பது ட்ரம்ஸ் வாசிக்கிறவன். அவனுக்குப் பிடிக்கவில்லை.

"எண்ணுறது என்ரை வேலையெல்லே?"

காரணத்தைச் சொன்னேன். அவன் குச்சிகளை மடியில் வைத்தான். பிறகு, "சரி, அப்ப நீயே எண்ணு," என்றான்.

எல்லா நாளும் இந்த ஏற்பாடு சரிவருவதில்லை. சில நாட்களில் அக்கா வேலியடியில் வந்து நின்று, "தம்பி, இண்டைக்கு வேண்டாம்" என்பார். ஏன் என்று நான் கேட்பதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.