ஊரில் பிறந்தவருக்கே காணி

"சம்மதமெண்டால் கையைத் தூக்குங்கோ" என்று மாமா சொன்னதும் மதரசா மண்டபம் முழுக்கக் கைகள் எழும்பின. ஜும்ஆ முடிந்த கையோடு கூடிய கூட்டம் அது. நடுவில் கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். திரை மெல்லியது என்பதால் அந்தப் பக்கத்துக் கைகளும் நிழலாகத் தெரிந்தன. என் கையும் மேலே போனது. எனக்குப் பக்கத்தில் பாயில் இருந்த மாமாவின் ஒரே மகள், என் மச்சி, மட்டும் கையைத் தூக்கவில்லை. கலியாணம் முடித்துக் கொஞ்ச நாள்தான், வெட்கப்படுகிறாளாக்கும் என்று நினைத்தேன். அவள் எழும்பி நின்றாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, திரையைப் பார்த்துக் கேட்டாள்: "வாப்பா, நான் கல்பிட்டிக் கேம்பில பிறந்தனான். அப்ப எனக்கு இந்த ஊரில காணி இல்லையா?"

தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன. அல்லாஹ்வே, அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அங்கே கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் அவளைப் போலத்தான், ஊரில் பிறக்காதவர்கள். அவர்களும் அல்லவா கையைத் தூக்கியிருந்தார்கள்!

இது எப்படி நடந்தது என்று வெளியூர்க்காரர் கேட்டால் சிரிப்பார்கள். முசலிப் பக்கத்துக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர், ஆயுதம் தாங்கிய இயக்கம் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறில் ஒரேயடியாக வெறுமையாகிப் போன ஊர்களில் ஒன்று. உடுத்த துணியோடு புத்தளம், கல்பிட்டிப் பக்கத்து அகதி முகாம்களுக்குப் போனோம். கிடுகுக் குடிசையில் இருந்தாலும், பிறகு கல்வீடு கட்டினாலும், பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் நாங்கள் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: "ஆராவது கேட்டால் முசலி எண்டு சொல்லு." பிள்ளைகளும் அப்படியே சொல்லி வளர்ந்தார்கள். காணாத கடலைக் கண்டது போலக் கதைப்பார்கள். சொல்லிச் சொல்லி, அவர்கள் வேறெங்கோ பிறந்தவர்கள் என்பதே எங்களுக்கு மறந்து போய்விட்டது. அதனால்தான் "ஊரில் பிறந்தவருக்கே காணி" என்று மாமா சொன்னபோது ஒருவருக்கும் உறைக்கவில்லை. பிள்ளைகளுக்கே உறைக்கவில்லையென்றால் பாருங்கள்.

மாமா என்றால் என் உம்மாவின் ஒரே தம்பி. ஊருக்கு அவர் தலைவர். பள்ளிவாசலுக்கும் தலைவர், கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் தலைவர். சண்டை முடிந்ததும், காடு பற்றிக் கிடந்த ஊருக்கு முதல் ஆளாகத் திரும்பி வந்து, பற்றை வெட்டிப் பள்ளியின் சுவரைத் தேடிக் கண்டுபிடித்தவர். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். தேநீரில் சீனி குறைந்தால்கூட "பரவாயில்லை" என்ற சொல் வாயில் வராது. நியாயம் என்று ஒன்றைப் பிடித்தால், அது தன் தலையில் விழுந்தாலும் விடமாட்டார். அந்தக் குணத்துக்காகவே அவரை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும்.

அந்தச் சட்டத்தை அவர் சும்மா கொண்டு வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஊர்க் கரைவலை இழுக்கிற கடற்கரையை ஒட்டி மௌத்தான ஒரு முதியவரின் காணி இருந்தது. புத்தளத்தில் வளர்ந்த அவருடைய பேரன் ஒருநாளும் ஊர்ப்பக்கம் வந்ததில்லை. வந்த முதல் தடவையே காணியை யாரோ ஒரு தூரத்து முதலாளிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டான். ஒருநாள் விடிய வலை இழுக்கப் போனவர்கள், கொங்கிறீட் தூணும் முள்ளுக்கம்பியுமாக வேலி தண்ணீர் வரைக்கும் இறங்கி நிற்பதைக் கண்டு திகைத்துப் போனார்கள். வலையின் ஒரு பக்கத்துக் கயிறு வேலிக்கு அங்கால், மற்றப் பக்கம் இங்கால். எப்படி இழுப்பது? மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டார். "இப்பிடி இன்னும் நாலு வேலி வந்தால், நாங்கள் திரும்பி வந்ததுக்கே அர்த்தமில்லை" என்றார். அந்த வேலி இன்னும் அங்கேதான் நிற்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒவ்வொரு ஊரும் தன் எதிர்காலத்துக்கான திட்டத்தைத் தானே சொல்லலாம் என்று பிரதேச செயலகத்திலிருந்து அறிவித்தார்கள். மாமாவுக்குப் புது உயிர் வந்தது. ஒழுங்கைத் தெருக்களை மணலாகவே விடவேண்டும், மதில் கட்டக்கூடாது, மட்டை வேலிதான். பள்ளி மினாராவை மறைக்கிற மாடி வேண்டாம். கடற்கரை ஊருக்குப் பொது, அதில் ஹோட்டல் வேண்டாம். தண்ணீர்க் குழாய் வரட்டும், ஆஸ்பத்திரி வரட்டும், மீன் வைக்க வலைவாடிக்கு ஐஸ் அறை வரட்டும். இப்படி ஒவ்வொன்றாக வீடு வீடாகப் போய்க் கதைத்தார். திட்டத்தைக் கேட்டெழுத வந்த அபிவிருத்தி உத்தியோகத்தர், உயிலங்குளத்துப் பிள்ளை, "ஐயா, இவ்வளவு வடிவாய் ஒரு ஊரும் யோசிக்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அந்தத் திட்டத்தின் கடைசி வரிதான் ஊரில் பிறந்தவருக்கே காணி.

அரசாங்கச் சட்டத்தில் அப்படியொன்று கிடையாது என்று மாமாவுக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் வீட்டுக்குக் கல் வைக்கப் பள்ளி வரவேண்டும். பள்ளித் தலைவரும் தொழுகை நடத்துகிற லெப்பையும் வந்து, ஃபாத்திஹா ஓதி, முதல் கல்லைத் தலைவர் தன் கையால் வைத்தால்தான் அது வீடு. பள்ளி வராவிட்டால் மேசன் கரண்டியை எடுக்கமாட்டான், அயலவன் தண்ணீர் தரமாட்டான். வெளியில் பிறந்தவருக்குப் பள்ளி கல் வைக்க வராது என்பதுதான் மாமா போட்ட சட்டம்.

இன்னொரு வழக்கமும் எங்களுக்கு உண்டு. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்போம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். உம்மாவின் வீட்டு வளவுக்குள்ளேயே மகளுக்கு ஒரு வீடு, அந்த மகளின் வளவுக்குள் அவள் மகளுக்கு. ஊர் அப்படித்தான் பெருகியது. மாமியும் தன் ஒரே மகளுக்கென்று வளவின் தென்பக்கத்தைத் துப்புரவாக்கி, சீமெந்துக் கற்களை அடுக்கி வைத்திருந்தார். மூத்தவர்கள் இருவரும் ஆண்பிள்ளைகள், பெண் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். எனவே அந்த வளவுக்கு இருந்தது இந்தப் பிள்ளை ஒருத்திதான். புருசனும் புத்தளத்தை விட்டு வரச் சம்மதித்துவிட்டான். கல் வைக்கிற நாளைக்கூடப் பேசி வைத்திருந்தார்கள்.

மண்டபத்தில், மகள் கேட்ட கேள்விக்கு மாமா திரைப்பக்கம் திரும்பினார். "உம்மா வாப்பா இஞ்ச பிறந்திருந்தால் பிள்ளைக்கும் உரிமை எண்டு மாத்துவமா?" என்று கேட்டார். எனக்கு உயிர் வந்தது. அவ்வளவுதானே, ஒரு சொல்லை மாற்றினால் சரி என்று நினைத்தேன். ஆனால் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர், மாமாவின் பால்ய சிநேகிதர், எழும்பினார். "தலைவர், கோவிக்காதேங்கோ. காணியை வித்தவனும் எங்கட ஊர்ப் பேரன்தான். உங்கட மகளுக்குத் திறக்கிற கதவுக்குள்ளாலதான் அவனும் வருவான்." சரிதான், சரிதான் என்று நாலா பக்கமும் குரல் கேட்டது. பிள்ளைகளைப் புத்தளத்தில் பெற்றவர்களே அப்படிச் சொன்னார்கள்! என் காதை என்னால் நம்ப முடியவில்லை.

அதைவிடப் பெரிய இடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. மாமா சொன்னார்: "அவர் சொல்றது நியாயம். என்ர மகளுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் எண்டு செய்ய என்னால ஏலாது. சட்டம் அப்பிடியே இருக்கட்டும்." சலவாத்துச் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார். "மாமா, உங்களுக்கென்ன விசரா?" என்று கத்தியிருப்பேன், மச்சிதான் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

வீட்டில் மாமி சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மாமா ஒரு வாய் எடுத்தார், வைத்தார். "நீ எப்ப வந்தாலும் வாப்பாட வீடு இருக்குது, மகள்" என்றார். "விருந்தாளியாவா, வாப்பா?" என்று கேட்டாள். அவள் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மாமா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனார். அடுத்த காலை பஸ்ஸுக்கு அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் அவர்தான். முருங்கனில் இறங்கி மற்ற பஸ் எடுக்க வேண்டுமென்று, ஏதோ அவளுக்குத் தெரியாதது போலத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனார்.

நான் அவரோடு வெகுநாள் கதைக்கவில்லை. கதைத்தபோதும் அந்தப் பேச்சை எடுத்தால், "ஊரைக் காப்பாத்த வேணும், பிள்ளை" என்பார். ஊர் காப்பாற்றப்பட்டது, அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். அந்த ஒரு வேலியோடு சரி, புதிதாக ஒரு முள்ளுக்கம்பியும் வரவில்லை. மணல் ஒழுங்கை, மட்டை வேலி, திறந்த கடற்கரை, மினாராவுக்கு மேலே வானம் மட்டும். வருகிறவர்கள் நின்று படமெடுக்கிறார்கள். ஆனால் மச்சியைப் பார்த்து மற்றப் பெண்பிள்ளைகளும் புத்தளத்திலேயே வீடு கட்டினார்கள். மகள் இருக்கிற இடத்துக்குத்தானே உம்மா போவாள்? உம்மாமார் போக வாப்பாமாரும் போனார்கள். ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்குகிறது. இந்த வருசம் முதலாம் வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை என்று அதிபர் சொன்னபோது, நான் அந்த வெறும் வகுப்புக்குள் போய் நின்றேன். பயமாக இருந்தது எனக்கு. வெளியே எல்லாம் மாமா சொன்ன மாதிரியே வடிவாக இருந்தது.

கடைசியில் மாமியும் மகளிடம் போனார். மாமா தனியாகச் சமைத்துத் தின்றுகொண்டு கிடந்தார். நெஞ்சு வருத்தம் வந்த பிறகுதான் மகள் வந்து, கேளாமலே ஏற்றிக்கொண்டு போனாள். போன மாதம் அங்கேயே மௌத்தானார். ஜனாஸாவை ஊருக்குக் கொண்டு வருவோமா என்று தொலைபேசியில் கேட்டேன். "இவ்வளவு தூரம் அலைக்க வேண்டாம், கெதியா அடக்க வேணும்" என்றார் மாமி. நான் போய்ச் சேர்ந்தபோது மையித்தைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். புத்தளத்துப் பள்ளித் தலைவர் வாசலுக்கு வந்தார். மச்சி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மனப்பாடம் செய்து வைத்தது போலத் தொடங்கினாள்: "வாப்பா இந்த ஊர் ஆள் இல்லை, முசலி..." அந்த மனிதர் கையமர்த்தினார். "அசரோட அடக்குவமா மகள், இல்லாட்டி மஃரிபுக்கு விடுவமா? தூரத்து ஆக்கள் வந்து சேரோணுமே." அதைத் தவிர வேறொன்றும் அவர் கேட்கவில்லை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் அடுத்த ஜும்ஆக் கூட்டத்தில் திரைக்கு இந்தப் பக்கமிருந்து நானே எழும்பிக் கேட்டேன். மாமி அடுக்கிய கற்கள் பாசி பிடித்துக் கிடக்கின்றன, அந்தப் பிள்ளைக்கு இனியாவது கல் வையுங்கோ, அந்த வரியை அழியுங்கோ என்றேன். இப்போதைய தலைவர், மாமாவின் சிநேகிதரான அந்தச் சம்மாட்டிதான், அழுதுவிட்டார். மெய்யாகவே அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "டீச்சர், பெத்த மகளுக்காகவே அந்த மனுசன் மாத்தாத சட்டம். நாப்பதாம் நாள் கத்தம் ஓதி முடிய முந்தி அதை மாத்தினால் நாங்கள் மனுசரா?" எல்லோரும் ஆமீன் என்றார்கள். கல்லில் முட்டினாலும் இவ்வளவு நோகாது. கடற்கரை ஒழுங்கைக்கு மாமாவின் பெயரை வைப்பது என்று அதே மூச்சில் முடிவெடுத்தார்கள்.

அன்று பின்னேரம் மச்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொல்ல எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"விடுங்கோ மச்சி. எனக்காக அங்க ஒருத்தரோடயும் சண்டை பிடியாதேங்கோ" என்றாள். "சின்ன வயசில இருந்து எந்த ஊர் எண்டு ஆர் கேட்டாலும் முசலி எண்டுதான் சொன்னனான். வாப்பாட ஊர் எண்டபடியால சொன்னனான். இப்ப வாப்பா இஞ்சதானே கிடக்கிறார். இனி ஆரும் கேட்டால் புத்தளம் எண்டு சொல்லுவன்."